பதினெட்டு ப்ரெட்சலுக்குக் கிடைத்த பட்டப்படிப்பு

ஹெட்விக் ராப் முறுக்கு மாதிரிப் பின்னிய ப்ரெட்சல் ரொட்டி ஒரு தட்டு கொடுத்து ஒரு பட்டப்படிப்பையே வாங்கிவிட்டார் என்று ஊருக்குள் பேச்சு. ரொட்டிக்கடையில் பன்னிரண்டு என்கிறார்கள். பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் அது நாற்பதாகி, கூடவே ஒரு பெட்டி பீரும் சேர்ந்துவிடுகிறது. தேவாலயப் பாடகர் குழுவில் கேட்டால் முழுப் பன்றித்தொடையே வந்து நிற்கிறது. விசாரித்தாயிற்று. பதினெட்டு ப்ரெட்சல், வெண்ணெய் தடவியது. ரசீதும் இருக்கிறது, சிக்கனத்துக்குப் பேர்போன ஸ்வாபிய நாட்டில் பிறந்தவர் ரசீதைத் தூக்கி எறிவாரா? லஞ்சம் என்பது மட்டும் பொய்.

ஹெட்விக்குக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்லூரியில் பாடத்திட்டம் வரைவது அவர் வேலை. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் தொழிற்சாலை என்று மாறி மாறி மூன்று வருடம் ஓடும். முடிவில் பட்டமும் இருக்கும், வேலையும் இருக்கும். அவருடைய அட்டவணையில் வகுப்புக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஆரஞ்சு. விவாகரத்தான தம்பதியர் பிள்ளையைப் பங்கு போட்டுக்கொள்வது மாதிரிதான் இதுவும். பையைத் தூக்கிக்கொண்டு அலைவது பிள்ளை, பஞ்சாயத்து பண்ணுவது ஹெட்விக்.

இரண்டு வருடம் உழைத்து இயந்திரப் பொறியியலில் புதுப் படிப்பு ஒன்றை வரைந்து முடித்திருந்தார். சேர ஒன்பது பேர் காத்திருந்தார்கள். பல்சக்கரத் தொழிற்சாலையில் பயிற்சிக்குப் பொறுப்பான ஃபோர்மேன் ஓய்கன் ஷெம்ப் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் படிப்பு தொடங்கும். போடாவிட்டால் இரண்டு வருட உழைப்பு மேசை டிராயருக்குள் போய்த் தூங்கும்.

குறுக்கே நின்றது ஓர் இரும்புத் துண்டு. ஷெம்பின் பட்டறைக்கு யார் வந்தாலும் முதல் ஆறு வாரம் கையில் அரத்தைப் பிடித்து இரும்பை ராவ வேண்டும். அவரும் ராவினார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் ராவினார். கல்லூரியில் அந்தப் படிப்பை நடத்தவிருந்த பேராசிரியர் ஒட்மார் லிண்டன்ஷ்மிட் திட்டத்திலிருந்து அந்த ஆறு வாரத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

“மெஷின் மயிரிழை சுத்தமா வெட்டுது. நம்ம பசங்க ஆறு வாரம் இரும்பைச் சுரண்டணுமா? இது படிப்பா, தண்டனையா ராப் அம்மா?”

“நீங்க ராவிப் பாத்திருக்கீங்களா சார்?”

“நான் உலோகவியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவன்.”

“நான் கேட்டது அது இல்லையே.”

பேராசிரியருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரே நாளில் ஒரு துண்டைச் சமமாக ராவிக் காட்டுகிறேன், அப்புறம் அந்த ஆறு வாரம் எதற்கு என்று கிளம்பினார். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு இரவல் நீலச் சட்டையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் முன்னால் நின்றார். மதியத்துக்குள் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ஷெம்ப் துண்டை எடுத்து மூலைமட்டத்தை வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

“என்ன சார், மலையே செஞ்சிட்டீங்க! இந்தப் பக்கம் வெளிச்சம் வருது, அந்தப் பக்கம் காத்தே வருது.”

“மூலைமட்டம் கோணலா இருக்கும்.”

“அது முப்பது வருஷமா நேராத்தான் இருக்கு. டாக்டர் பட்டந்தான் வாங்கல.”

பட்டறையே சிரித்தது. பஞ்சாயத்துக்கு வந்திருந்த ஹெட்விக்குக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. அவரும் ஒரு துண்டை எடுத்து ராவ ஆரம்பித்தார்.

ஆனால் பேராசிரியர் சும்மா தோற்கிற ஆள் இல்லை. கை ஏன் ஊசலாடுகிறது, இரும்பு ஏன் நடுவில் மேடாகிறது என்று பட்டறைக் கரும்பலகையில் விசைக் கணக்கைப் போட்டுக் காட்டினார். ஷெம்ப் வெகுநேரம் அதையே பார்த்தார். “நாப்பது வருஷமா கைக்குத் தெரிஞ்சது. ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்றார். ஆறு வாரம் மூன்றாயிற்று. கணக்கை வைஸ் பக்கத்திலேயே நடத்துவது என்று முடிவாயிற்று. அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு நீலமா, ஆரஞ்சா? ஹெட்விக் இரண்டையும் கோடுகோடாகப் போட்டார்.

ஆனாலும் கையெழுத்து வரவில்லை. வியாழக்கிழமை ஹெட்விக் ஷெம்புக்குப் போன் செய்தார்.

“திட்டம் பிரமாதம்மா. ஆனா புரொபசர் என் பட்டறையில ஒரு நாள் முழுக்க வேலை பாத்தாரு. முதல் நாள் விருந்து வெக்கலையே.”

புதிதாக வேலைக்கு வருகிறவர் முதல் நாளன்று, தன்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தின்ன ஏதாவது வாங்கி வர வேண்டும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் விதிவிலக்கு கேட்டு யாராவது மனுப் போட்டிருப்பார்கள்.

“அவர் விருந்தாளியா வந்தாராம், ஷெம்ப் சார்.”

“விருந்தாளிக்குக் கொப்புளம் வருமா? நம்ம பழக்கமே தெரியாத காலேஜை நம்பி ஒம்பது பிள்ளைங்களை நான் எப்படிச் சேத்துக்கிறது?”

பேராசிரியரோ ஹாம்பர்கில் ஒரு மாநாட்டில் இருந்தார். திங்கட்கிழமைதான் வருவார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிச் சாப்பாட்டு நேரத்துக்கு ஹெட்விக் தட்டோடு பட்டறைக்குள் நுழைந்தார். ஷெம்ப் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

“யார் வாங்கினது?”

“பேராசிரியர் சார்பா...”

“இன்னொருத்தர் சார்பா விருந்து வெக்க முடியாதும்மா. எல்லாரும் அப்படியே கீழ வைங்கப்பா!”

பதினேழு வாய்கள் பாதியில் நின்றன.

“அப்ப இது என் விருந்து” என்றார் ஹெட்விக். “செவ்வாய்க்கிழமை நானும் ரெண்டு மணி நேரம் ராவினேன். எனக்கும் அதுதான் முதல் நாள்.”

ஷெம்ப் அலமாரியில் தேடி ஹெட்விக் ராவிய துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கினார்.

“வெளிச்சம் வருது. ஆனா காத்து வரல. சாப்பிடுங்கப்பா! காலேஜ்ல ஒருத்தருக்காவது பழக்கம் தெரியுது.”

கையைத் துடைக்காமலே கையெழுத்துப் போட்டார். கல்லூரிக் கோப்பில் இருக்கும் அந்த ஒப்பந்தத்தில் இன்றும் வெண்ணெய்க் கறை உண்டு. ஒன்பது பேரும் சேர்ந்தார்கள். முதல் நாள் விருந்தும் திட்டத்தில் ஏறிவிட்டது, ‘பணியிடச் சூழலுக்கு அறிமுகம்’ என்ற பெயரில். தர நிர்ணயக் குழு அதைப் பாராட்டி ஒரு பத்தியே எழுதியது.

இப்போது பேராசிரியர் செவ்வாய்தோறும் பட்டறைக்கு வந்து கணக்கு நடத்துகிறார். கரும்பலகையின் வலது மூலையில் ஷெம்பின் கையெழுத்தில் ஒரு வரி: ‘லிண்டன்ஷ்மிட், முதல் நாள் விருந்து, பாக்கி.’

“அடுத்த வாரம் கண்டிப்பா வாங்கிட்டு வர்றேன். பதினேழு பேர்தானே?”

“அது அப்போ சார். இப்ப பசங்களையும் சேத்து இருபத்தாறு.”

பேராசிரியர் தலையை ஆட்டிவிட்டு, அந்த வரிமேல் கை படாமல் ஒதுங்கிச் சமன்பாட்டை எழுதத் தொடங்குகிறார்.