அக்காவின் கணினிக்குள் ஒருவன்

அக்காவுக்கு இடது காது கேட்காது. பிறவிக் குறை இல்லை, புருஷன் விட்ட அறை. அத்தான் என்று அந்த ஆளைக் கூப்பிட்ட என் வாயைத்தான் கழுவ வேண்டும். லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு ஸ்பேனர் கிடக்கும்.

அக்கா வீட்டிலிருந்தபடியே படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, திரையின் அடியில் வரும் வரிகளை அடிப்பாள். ஒரு காது போன பிறகும் அந்த வேலையை விடவில்லை. அவள் மனசுவிட்டுப் பேச இருந்தது நான் ஒருத்திதான், அதுவும் மெயிலில்.

அங்கேதான் வினை பிடித்தது. லீவுக்கு உன் வீட்டுக்கு வரட்டுமா என்று எனக்கு எழுதுவாள். மறுநாளே அவன், தங்கச்சி வீடு கேக்குதா என்று சொல்லி அவள் விரல்களை பீரோ கதவில் வைத்து நசுக்குவான். டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்று எழுதினால் ஆஸ்பத்திரி வாசலில் அவன் நிற்பான். முடியைப் பிடித்து ஆட்டோவில் தள்ளிக் கூட்டிப் போவான். அவள் சொன்னது என்னிடம் மட்டும்தானே? நான்தான் போட்டுக்கொடுக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டாள். “நீயும் அவன் கட்சிதானாடி” என்று ஒரு வரி எழுதினாள், அதோடு சரி. போன் செய்தால் எடுக்க மாட்டாள். அடி வாங்குகிறவள் அவள் என்பதால் அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

பிறகு அவளுடைய லேப்டாப் ஆமையாக ஊர ஆரம்பித்தது. வேலை தேங்கியதால் கடைத்தெருவில் கணினி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனாள். அவர் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த வீடியோ மென்பொருளை யார் போட்டது என்று கேட்டார். வீட்டுக்காரர் போட்டார், இலவசமாம் என்றாள்.

“அதோட இன்னொண்ணும் உள்ள உக்காந்திருக்கும்மா. நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் வேற யாருக்கோ போயிட்டே இருக்கு. எடுத்துடவா?”

“வேண்டாம், இருக்கட்டும்” என்றாள் அக்கா. எடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் உயிரோடு விட மாட்டான். அந்தக் கடை போனிலிருந்துதான் என்னைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொல்லி, உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று அழுதாள். நானும் அழுதேன்.

அதன்பின் கொஞ்ச நாள் அவனுக்குப் பிடித்த மாதிரியே அடித்துவந்தாள். ஒரு நாள், அவன் படிக்கட்டும் என்றே எனக்கு மெயில் அனுப்பினாள்: நாளைக் காலை ரயிலில் கிளம்புகிறேன், பச்சைப் பெட்டியோடு வருவேன். அவன் படித்தான். விடிந்ததும் வேலைக்குப் போவதுபோல் கிளம்பி ரயில் நிலையத்தில் போய்க் காத்திருந்தான். அக்கா லேப்டாப்பைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாள்.

அதே நேரம் நடைமேடையில், ஜவுளிக்கடையில் பில் போடும் ஒரு பெண் பச்சைப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். அவன் பின்னாலிருந்து ஸ்பேனரால் ஓங்கி அடித்துவிட்டான். தோள்பட்டை எலும்பு நொறுங்கியது. அவள் கீழே விழுந்து முகம் திரும்பிய பிறகும் அவன் கை நிற்கவில்லை, இன்னும் இரண்டு போட்டானாம். பார்சல் தூக்குகிறவர்கள்தான் அமுக்கிப் பிடித்தார்கள்.

சில வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டான், அக்காவைத் தேட ஆரம்பித்தான். அதற்குள் நாங்கள் அவனுக்குத் தெரியாத பேட்டைக்கு வீடு மாறியிருந்தோம். பழைய லேப்டாப் இணையத்தோடு சேராமல் பரணில் கிடந்தது. புதிது ஒன்று வாங்கியதும் அக்கா சட்டம் போட்டாள். பழுது பார்த்த கடைக்காரர் அன்று சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்டை எனக்குக்கூடச் சொல்ல மாட்டாள். அப்டேட் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு அதை முடிப்பாள். என் வீட்டுக்காரருக்கு லேப்டாப்பில் தனிக் கணக்கு கொடுத்தாள், அதில் எந்த மென்பொருளையும் ஏற்ற முடியாது. ஒரு சீட்டு விளையாட்டுக்காக மனுஷன் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. சிறைக்குக்கூட இவ்வளவு காவல் இருக்காது என்று புலம்புவார். மெயிலில் ஃபைல் வந்தால், அனுப்பியவர்களுக்குப் போன் போட்டுக் கேட்காமல் திறக்க மாட்டாள். அப்படித்தான் ஒரு நாள் படக் கம்பெனி பெயரில் ஒரு ஃபைல் வந்தது. போன் போட்டால், நாங்கள் எதுவும் அனுப்பவில்லை என்றார்கள். அக்கா அதைத் திறக்காமலே அழித்தாள். தேடுகிறான் என்று மட்டும் சொன்னாள்.

கோர்ட்டில் அவன் ஒரே கதையைத்தான் சொன்னான்: கூட்டத்தில் தள்ளுமுள்ளு, அந்தப் பெண்ணே தடுக்கி விழுந்தாள், எனக்கு அவள் யாரென்றே தெரியாது, நான் ஏன் அடிக்க வேண்டும்? ஏன் அடித்தான் என்பது அக்காவுக்குத்தான் தெரியும், அந்த மெயிலும் அவன் ஏற்றிவைத்த மென்பொருளுமாக அதற்குச் சாட்சி பரணில் கிடந்தது. போகாதே என்று நான் கத்தினேன். இவ்வளவு பாடுபட்டு மறைந்து இருந்துவிட்டு, நீயே போய் அவன் முன்னால் நிற்பாயா என்று கேட்டேன்.

“அது எனக்கு விழ வேண்டிய அடிடி. நான் எழுதினதுக்கு அவ வாங்கியிருக்கா.”

நான்தான் பரணில் ஏறி லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தேன்.

சாட்சி சொல்லும்போது முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று அரசு வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். அக்கா சாட்சிக் கூண்டில் ஏறினாள், அதற்குப் பக்கத்தில் அவன் நின்றான். முன்வரிசையில், தோளில் கட்டோடு, அந்த ஜவுளிக்கடைப் பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அவன் பக்கம் திரும்பினாள். எழுதக் கொடுத்த தாளை மடித்து ஓரமாக வைத்தாள். கதவு எண், மாடி, தெரு, பேட்டை என்று என் வீட்டு முகவரி முழுவதையும் அவன் முகத்தைப் பார்த்தே நிதானமாகச் சொன்னாள். அவன்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினான். அக்கா வக்கீலிடம் திரும்பி, கேளுங்கள் என்றாள்.