யாகப்பு ஐசுக்குள் கை விட்ட நாள்

விடத்தல்தீவில் யாகப்புவின் மீன்வாடிக்குப் போய்ப் பாருங்கோ. கையுறை கிடையாது, அகப்பை கிடையாது. மீன் அடுக்கிற றெஜிபோம் பெட்டிக்குள் முழங்கை வரைக்கும் வெறுங்கையை விட்டு ஐசை இறுக்கினால்தான் அந்த மனுசனுக்குத் திருப்தி.

அதுக்கும் ஒரு தடை வந்தது. வயிற்றுநோ முதுகுக்குப் பாயவும், பெட்டி தூக்கின பிடிப்பாக்கும் எண்டு எண்ணெய் போட்டு உருவினான். உருவ உருவ ஆள் மெலிந்ததுதான் மிச்சம். யாழ்ப்பாணத்தில் ஸ்கான் எடுத்தால், கணையத்தின் வால்பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி. அதுவும் அரிதாக வாற இனமாம்.

"ஊரிலை ஒருத்தனுக்கும் வராததாப் பாத்து எனக்கு வந்திருக்கு!" எண்டு மனுசி புஸ்பத்திட்டைச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வால்பக்கத்தையும் மண்ணீரலையும் வெட்டி எடுத்தார்கள். பிறகு நரம்பால் மருந்து ஏற்றினார்கள். குளிர்ந்தது ஒண்டும் தொடக்கூடாது எண்டு தாதி சொல்லித்தான் விட்டவ. கேட்பானா? வாடிக்கு லொறி வந்த உடனே கையைப் பெட்டிக்குள் விட்டான்.

கரண்ட் அடித்தமாதிரித் துள்ளி விழுந்தான்!

"நோய் கைக்கு இறங்கிட்டுது புஸ்பம். இனி மருந்து ஏன்? நான் போகமாட்டன்."

புஸ்பம் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போன் எடுத்தாள். தாதிதான் கதைத்தா. "அது நோயில்லை அம்மா, மருந்தின்ரை குணம். மருந்து முடிய மெல்ல மெல்லக் குறையும். இடையிலை மட்டும் விட்டிடாதேங்கோ."

"கேட்டியளோ? வெளிக்கிடுங்கோ! இனி ஐசைத் தொட்டால் கையை நானே முறிப்பன்."

அண்டு தொடங்கி கையுறை போட்டு ஐஸ் அடித்தது அவள்தான். யாகப்பு கதிரையில் இருந்து கத்தினான், மருந்துக்கும் போய்வந்தான்.

மருந்து முடிந்து மாதங்கள் போச்சு. திரும்ப ஸ்கான். "இப்ப கட்டி ஒண்டும் தெரியேல்லை. தொடர்ந்து வந்து காட்டவேணும், விளங்கிச்சோ?" எண்டார் டொக்டர். பஸ்ஸால் இறங்கின யாகப்பு வீட்டுக்கும் போகாமல் வாடிக்கே ஓடினான்.

"ஆதம்பாவா! பெட்டியைத் திற!"

எருக்கலம்பிட்டி லொறிக்காரன் ஆதம்பாவா வாயைப் பிளந்தான். "அண்ணன், விழுந்து கிடந்தா நான் தூக்கமாட்டன்."

"திறவடா!"

முழங்கை வரைக்கும் போச்சு கை.

"என்னப்பா செய்யுது?" ஐஸ் அடித்துக்கொண்டு நிண்ட புஸ்பம் கையுறையோடை ஓடிவந்தாள்.

"குளிருது." பிறகு வாடி அதிரக் கத்தினான். "குளிருதடி! விரல் நுனி கொஞ்சம் விறைப்பு, மற்றது வெறுங்குளிர்தான்!"

ஆதம்பாவா விசிலடித்தான். யாகப்பு ஒரு பாரைமீனை இழுத்துத் தூக்கினான். முகம் மாறிச்சு.

"ஆரடா இதுக்கு ஐஸ் அடிச்சது? அடியிலை ஒரு சொட்டும் இல்லை!"

புஸ்பம் கையுறை இரண்டையும் கழற்றி அவன் நெஞ்சில் எறிந்தாள். "அப்ப இனி நீங்களே அடியுங்கோ!"

சொல்லிப்போட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.