ஊதா மூடிக் குழாய்

ஒரு மனிதன் என்பது அவனுடைய நினைவா, அல்லது அவன் நினைவைப் பற்றி வீட்டார் எடுத்த முடிவா? பெர்மாஸ் ஜெயாவில் மகன் வீட்டில் இருந்த காளியப்பனுக்கு எழுபத்தாறாம் வயதில் இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது.

முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனையில், வார்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு இரத்தக் குழாய்களைத் தட்டில் சுமந்தவர் அவர். படிப்பு ஆறாம் வகுப்பு. ஆனால் மூடியின் நிறத்தைப் பார்த்தே எந்தக் குழாய் எந்த மேசைக்கு என்று சொல்லிவிடுவார். சாம்பல் மூடி சர்க்கரைக்கு. ஊதா மூடி இரத்த அணுக்களுக்கு. மேசைகளில் இருந்தவர்கள் அத்தனை வருடத்தில் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவரும் குறைப்பட்டதில்லை, நுண்ணோக்கியில் குனிந்து பார்ப்பதுதான் அவர்கள் வேலை.

அப்படிப்பட்டவர் சென்ற ஆண்டு பல் துலக்கும் பிரஷ்ஷைக் குளிர்பெட்டியில் வைத்தார். மருமகள் ரூபினியை, இறந்துபோன தன் தங்கையின் பெயரால் கூப்பிட்டார். கால் மரத்துப்போகிறது என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

ரூபினி வாட்ஸ்அப்பில் வந்த ஐந்து நிமிடக் காணொளியைப் பார்த்து, மறதி நோய்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள். மருத்துவப் படிப்பு இப்போது அவ்வளவு சுருங்கிவிட்டது. மகன் யுகேந்திரனுக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் போய் இருட்டிய பின் வருகிறவனுக்கு அந்த முடிவு வசதியாகவே இருந்தது.

"இதுக்கெல்லாம் மருந்து ஏது? கூலாய் டவுன்ல வயசானவங்களுக்கு நல்ல ஹோம் இருக்காம், ஏர்கோன்லாம் இருக்காம்," என்றாள் ரூபினி, சாப்பாட்டு மேசையில்.

"மெதுவா பேசு. அப்பா இங்கதான இருக்காரு."

"இருந்தா என்னலா, அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவாரு. அவரு ரூம்ல என் தையல் மெஷின போட்டுக்கலாம்."

காளியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

இரத்தப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் ஹோமில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதற்காக மட்டுமே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். தாதி குழாயை நிரப்பியதும் காளியப்பன் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். "ஊதா மூடி. கீழ் மாடி, ரெண்டாவது மேசை. நான் கொண்டு போறேம்மா."

"பாத்தீங்களா டாக்டர்," என்று பெருமூச்சு விட்டாள் ரூபினி. தன் கட்சிக்குச் சாட்சி கிடைத்த திருப்தி அதில் இருந்தது.

இம்முறை குழாய் அவரில்லாமலே போய்ச் சேர்ந்தது. சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பதாக இயந்திரம் காட்டியது. முகம் தெரியாத ஒரு நோயியல் மருத்துவர் குனிந்து, ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். பி12 சத்தையும் சோதித்துப் பார்க்கவும் என்று ஒரே வரி எழுதினார். பார்த்தார்கள். அடிமட்டத்தில் இருந்தது.

"சர்க்கரை மாத்திரை எத்தனை வருஷமா?" என்று கேட்டார் கிளினிக் டாக்டர் சாந்தினி.

"பதினாலு," என்றாள் ரூபினி.

"நெஞ்செரிச்சலுக்கும் சாப்பிடுறாரு. ரெண்டும் சேந்து இந்தச் சத்த உடம்புல சேர விடல. அதான் நரம்பும் ஞாபகமும் கெட்டிருக்கு. கால் மரத்துப்போகுதுன்னு சொன்னாரா?"

"வயசானவங்க எல்லாரும் சொல்றதுதானே, டாக்டர்," என்றாள் ரூபினி. அந்தக் காணொளியில் கால் வரவில்லை போலிருக்கிறது.

"எல்லாருக்கும் முழுசா திரும்பாது. ஆனா ஊசி போட்டுப் பாக்காம மறதி நோய்னு நான் எழுத மாட்டேன்."

மூன்று மாதம் ஊசி போட்டார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நாள் கிழமை திரும்பியது. ஆனால் நினைவு தனியாக வரவில்லை. அவர் முன்னால் மற்றவர்கள் பேசிய பேச்சையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் பசியாறும்போது கேட்டார்.

"தையல் மெஷின் வந்துருச்சாம்மா?"

ரூபினியின் கையில் கரண்டி நின்றது. "எந்த மெஷின், மாமா?"

"என் ரூம்ல போடணும்னியே, அது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நோயாளியோடு எப்படி வாழ்வது என்று காணொளி சொல்லித்தந்திருந்தது. குணமானவரோடு எப்படி வாழ்வது என்பதற்குக் காணொளி இல்லை.

யுகேந்திரனைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஹோமுக்கு வேணாம்னு சொல்லிட்டேம்பா. நீங்க இங்கயே இருங்க. தப்பு எங்க மேலதான்." கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பு இல்லை.

"நல்லதுப்பா," என்றார் காளியப்பன்.

மறுநாள் யுகேந்திரன் வேலைக்குப் போன பிறகு சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். பக்கத்து வீட்டுச் செல்வாவின் காரில் கூலாய்க்குப் போனார். ஹோமின் அலுவலகத்தில் இருந்த பெண் இரத்த அறிக்கையைக் கேட்டாள். போன வாரம் எடுத்த புதிய அறிக்கையை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லா இருக்கே, அங்கிள். நீங்க ஏன் இங்க வரணும்?"

"கையெழுத்து எங்கம்மா போடணும்?" என்று கேட்டார் காளியப்பன்.