அவள் எறிந்த கல்

பெரம்பலூரில் ஓட்டல்காரர் ஒருவர் கையை வீசி விரட்டிய கோபத்தோடு அரியலூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. இரண்டு நாளாக வேலையும் இல்லை, சோறும் இல்லை.

சுண்ணாம்புக்கல் குவாரியை ஒட்டிய வண்டிப்பாதையில் நின்ற ஒரு பெண்ணும் அதே மாதிரி கையை வீசினாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நான் என்ன நாயா? இது உங்கப்பன் வூட்டு வழியா?" என்று கத்திவிட்டு அவளைத் தாண்டி நடந்தேன். பின்னாலிருந்து கெண்டைக்காலில் ஒரு கல் வந்து விழுந்தது. எறிந்தவள் அவள்தான். வலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது குவாரியில் வெடி வெடித்தது. குடம் அளவு பாறை ஒன்று பறந்து வந்து, எனக்குப் பத்தடி முன்னால் பாதையில் விழுந்தது.

மேஸ்திரி ஓடி வந்தார். "அதுக்குப் பேச்சு வராதுய்யா. செவப்புத் துணிய ஆட்டுச்சே, கண்ணு தெரியலியா?"

தெரியவில்லை. அவள் கையில் நான் பார்த்தது ஓட்டல்காரரின் கையைத்தான். அவளைக் கும்பிட்டேன். அவள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். சாப்பிட்டாயா என்ற அந்தக் கேள்வி மட்டும் உடனே புரிந்தது.

மறுநாள் காலை, அதே பாதையின் மறுமுனையில் சிவப்புத் துணியோடு நிற்கும் வேலையில் சேர்ந்தேன். காலடியில் நாலைந்து கல்லும் பொறுக்கி வைத்துக்கொண்டேன்.