வராத ஆளுக்கு ஒரு சன்னலோரம்

என் அக்கா வீட்டுக்காரர் பல் டாக்டர்களின் நாற்காலிகளைப் பழுது பார்க்கிறவர். மிதியை அழுத்தினால் மேலே போக வேண்டிய நாற்காலி சில சமயம் எண்ணெய் கசிந்து, வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் ஆளோடு மெதுவாகத் தரைக்கு இறங்கிவிடும். எச்சில் உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டு களகளவென்று சத்தம் போடும். கம்பெனிக்கு போன் வரும். அத்தான் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வேலை முடிந்ததும் தானே அந்த நாற்காலியில் ஏறிப் படுத்து, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு ஏற்றி இறக்கிப் பார்ப்பார். "அப்படியே ஒரு பல்லையும் புடுங்கிட்டு வர வேண்டியதுதானே அத்தான், ஓசிதானே" என்பேன். என் கேலிக்கு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அக்காதான் சிரிப்பாள்.

ஊர் ஊராக அலையும் வேலை என்பதால் கம்பெனி அவருக்கு வருடாந்தர ரயில் பாஸ் எடுத்துக் கொடுத்திருந்தது. எங்கே வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். ஆனால் வேக வண்டிகளில் பாஸ் மட்டும் செல்லாது. இருக்கையும் முன்பதிவு செய்திருக்க வேண்டும். நின்றுகொண்டு போகவெல்லாம் அனுமதி கிடையாது. பாஸ்காரர்களுக்கு அந்த முன்பதிவு இலவசம். பதிவு செய்துவிட்டுப் போகாமல் விட்டாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. அத்தானைக் கெடுத்தது இந்தக் கடைசி வசதிதான்.

எந்த நாற்காலி எப்போது சரியாகும் என்று யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு திருகாணி கழல மாட்டேன் என்று அடம்பிடித்தால் அன்றைய பொழுது போச்சு. அதனால் திரும்பி வரும் நாளில் மதிய வண்டி, அதற்கடுத்த வண்டி, சாயங்கால வண்டி என்று எல்லாவற்றிலும் ஒரு இருக்கை போட்டு வைத்துவிடுவார். எல்லாமே சன்னலோரம். ஒன்றில் ஏறி வருவார். மற்றவை காலியாகவே ஊர் வந்து சேரும். போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் ரத்தாகிவிடும், அதைச் செய்ய மாட்டார். "இருந்துட்டுப் போகட்டும் மச்சான், நம்மள என்ன கடிக்குதா?" என்பார்.

"ஒரே ஒடம்ப வெச்சிக்கிட்டு மூணு சீட்டுல ஒக்கார்ற ஆள் ஒலகத்துலயே உங்க அத்தான் ஒருத்தர்தான்டா" என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அதில் பாதி கேலி, பாதி பெருமை. எங்கள் குடும்பத்தில் எல்லோருமே அதை ஒரு சாமர்த்தியமாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். வேறு ஊரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அவர்களுடைய ஒரே மகள், முந்தின நாளே வந்துவிடுவதாக ஏற்பாடு. ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்பே, ஒரு காலை வேளையில், அக்காவுக்கு மூச்சு முட்டியது. நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இனி தள்ளிப்போட முடியாது, இன்று சாயங்காலமே செய்துவிட வேண்டும் என்றார்கள். அன்று திரும்ப வேண்டிய அத்தான் அப்போது மகள் இருக்கும் அதே ஊரில் ஒரு நாற்காலியின் அடிவயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்டது போட்டபடி கிளம்பினார். மகளோ பரீட்சை நடக்கும் அறையில் இருந்தாள். "நான் மதிய வண்டிய புடிச்சிடறேன். நீ பொறுப்ப யார்கிட்டயாவது ஒப்படைச்சிட்டு அடுத்த வண்டில வந்துடும்மா, அம்மாவ உள்ள கொண்டு போறதுக்குள்ள வந்துடலாம்" என்று போனில் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தார். வார்டுக்குள் போகும்போதே போனை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். அக்கா அவரைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான். "பொண்ணு வரலியா?" அடுத்த வண்டி வரும் நேரம் வந்தது, போனது. அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டியில் ஏற்றிய பிறகும், "கொஞ்சம் இருங்க சிஸ்டர், என் பொண்ணு வந்துடுவா" என்று நர்ஸிடம் கெஞ்சினாள். அத்தானுக்குப் பயம். அவருக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "அவளுக்கு நீயா முக்கியம்? அவ பள்ளிக்கூடம்தான் முக்கியம். சும்மா அவளையே நெனச்சி உசிர விடாத" என்றார். அக்கா முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அக்கா கண் விழிக்கவே இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு மகள் வந்தாள். ஊருக்கு ஊர் நின்று வரும் சாதாரண வண்டியில், தலையெல்லாம் கலைந்து வந்தாள். அத்தானின் அக்கா, வாய் ஓயாத அம்மாள், எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டாள். "பெத்தவ சாகக் கெடக்கா, அதவிட என்னடி உனக்கு அப்படி ஒரு வேலை?"

மகள் அத்தானை ஒரு தடவை பார்த்தாள். "பரீட்ச முடிய லேட்டாயிடுச்சி அத்தை" என்றாள்.

அதோடு அத்தான் மகளிடம் பேசுவதை விட்டார். அவள் போன் செய்தால் எடுப்பார், "ம்" என்பார், வைத்துவிடுவார். ஊருக்கு வந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். சுவரில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். "ஒங்க அக்கா கதவப் பாத்துக்கிட்டே போனா மச்சான், அது எனக்கு மறக்காது" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது? எனக்கும் அந்தப் பெண் மேல் மனத்தாங்கல் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. அத்தான் ஓய்வு பெற்றார், பாஸைத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சமயத்தில் மகள் பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். போக மாட்டேன் என்றவரை வலுக்கட்டாயமாக ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனேன். முன்பதிவு செய்ய வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை, அவரை நம்பி நானும் செய்யவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண், இன்றைக்கு ஒரு இடம்கூட இல்லை, சாதாரண வண்டியில் போங்கள் என்றாள்.

வேக வண்டி நடைமேடையில் நின்றுகொண்டிருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலி இருக்கைகள். அத்தானுக்கு வந்ததே கோபம்! வாசலில் நின்ற பரிசோதகரிடம் போய்ச் சத்தம் போட்டார்.

"ஃபுல்லுங்கறீங்க, கண்ணு முன்னாடி இத்தன சீட்டு சும்மா கெடக்கே?"

"அதெல்லாம் பாஸ்காரங்க போட்டது சார். நாலு வண்டில போட்டு வெச்சிட்டு ஒண்ணுல போவாங்க. நடுவுல எங்கயாவது ஏறினாலும் ஏறுவாங்க, நான் வேற ஆள ஒக்கார வெக்க முடியாது. தெனமும் யாராவது ஒருத்தர் இப்படித்தான் எங்கிட்ட வந்து கத்தறாங்க."

அத்தான் வண்டி கிளம்பிப் போகும் வரை ஒவ்வொரு சன்னலாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாதாரண வண்டியில் என் எதிரே உட்கார்ந்து வந்தார். பாதி தூரம் போன பிறகு, "அன்னைக்கி நான் எதையும் ரத்து பண்ணல மச்சான்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மகள் கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு, திருத்த வேண்டிய விடைத்தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் பதறிப்போய் எழப் பார்த்தாள். அத்தான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே கேட்டார்.

"அன்னைக்கி அந்த வண்டி ஃபுல்லாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள்.

"நேரத்துக்கே வந்துட்டேன்பா. எடமில்லன்னுட்டாங்க. பெட்டி பெட்டியா எட்டிப் பாத்துக்கிட்டே போனேன். ஒரு சன்னலோரம் காலியா இருந்துச்சி. மேல மாட்டியிருந்த அட்டைல உங்க பேரு. இது எங்கப்பா சீட்டுதாங்க, அம்மாவுக்கு ஆபரேஷன், என்னைய ஏத்திக்கோங்கன்னு அழுதேன். பாஸ்ல போட்டது பாஸ்காரருக்கு மட்டுந்தான், பொண்ணா இருந்தாலும் குடுக்க முடியாதுன்னு செக்கர் சொல்லிட்டார். உங்களுக்கு போன் போட்டேன். அணைச்சி வெச்சிருந்தீங்க."

"அப்புறம் ஏம்மா பரீட்ச அது இதுன்னு சொன்ன?" என்று நான்தான் கேட்டேன். 

"அத்தன பேர் முன்னாடி அப்பாவால வர முடியலன்னா சொல்றது மாமா? அம்மாவும் இல்ல. அந்த வீட்ல அப்பா தனியா இருக்கணும். இதையும் எப்படித் தூக்கிக் குடுக்கறது?"

அத்தான் விடைத்தாள்களை ஒதுக்காமல் அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றார். அவள் மறு கையால் அவர் சட்டையில் எதையோ தட்டிவிட்டாள். முகம் தெளிந்திருந்தது. இதோடு முடிந்தது, தண்ணீர் குடிக்கலாம் என்று நான் எழுந்தேன்.

"அப்பா" என்றாள். "அம்மா உள்ள போறதுக்கு முன்னாடி என்னையக் கேட்டாங்களா?"

"கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நான் அத்தானையே பார்த்தேன். வந்துட்டிருக்கான்னு சொன்னேன் என்று ஒரு பொய், ஒரே ஒரு பொய். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். அவளுக்குத் தெரிய வராது. நான் காட்டிக் கொடுக்க மாட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அன்று சொன்ன வார்த்தைகளை ஒன்றுவிடாமல், குனிந்த தலையோடு, அப்படியே சொன்னார்.

அவள் கையை உருவிக்கொண்டாள். "அம்மா அத நம்பிட்டாங்களாப்பா?" என்று கேட்டாள்.