முகம் திருப்பி நிற்பவர்

பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் புதிதாக எடுக்கிறார்கள். அதன் வேற்றுக்கிரகவாசிகளை வரைவது என் வேலை. பன்றி முகம் கொண்ட இனம் மட்டும் எப்படி வரைந்தாலும் கேலிக்கூத்தாகவே வந்தது.

"இன்னிக்கும் சரியா வரலன்னா அவங்கள கதையிலேருந்தே தூக்கிடலாம்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

எரிச்சலோடு, அம்மா அனுப்பியிருந்த ஸ்ரீமுஷ்ணம் கோயில் பிரசாத உருண்டையைப் பிட்டு வாயில் போட்டேன். அதில் சேர்த்திருந்த கோரைக்கிழங்கின் மண்வாசனை மூக்கில் ஏறியது.

ஏழு வயதில் அப்பாவோடு அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். முந்தின நாள்தான் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையைக் கிளறிய காட்டுப்பன்றிகளை அவர் தகர டின்னைத் தட்டி விரட்டியிருந்தார். கருவறையில் பன்றி முகத்துப் பெருமாளைப் பார்த்ததும் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா, நம்ம மல்லாட்டையத் தின்ன வந்துச்சே, அதுவா இது?"

அப்பா பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இடுப்பில் கைவைத்து நின்ற பெருமாளின் உடல் எங்களைப் பார்த்திருந்தது. முகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. என் பேச்சைக் கேட்டுக் கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். அவர் கண்ணில் பட்டு மன்னிப்புக் கேட்க, கூட்டத்தில் புகுந்து அந்த ஓரத்துக்கு ஓடினேன். அங்கே வெறும் சுவர். அவர் பார்க்கும் இடத்தில் யாராலும் நிற்க முடியாது.

"அப்ப யாரப்பா பாக்குறாரு?"

"தெரியலம்மா."

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் அப்பா, அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மீண்டும் படத்தை எடுத்து, அந்தப் பன்றி முகத்தவரின் கோரைப்பற்களைச் சிறிதாக்கினேன், போட்டிருந்த கவசத்தை அழித்தேன், முகத்தைத் திருப்பிவைத்து அனுப்பினேன். இயக்குநர் உடனே அழைத்தார். குரல் தணிந்திருந்தது.

"யாரப் பாக்குது இது?"

"தெரியல சார்" என்றேன்.