மூன்று ஊர் மாப்பிள்ளையும் ஒரு பள்ளிக் கடிதமும்

போன ஆகஸ்டில் என் நிக்காஹ்வுக்காக எருக்கலம்பிட்டிக்குப் போனேன். ஜேர்மனியிலிருந்து மன்னாருக்குக் கல்யாணம் கட்டப் போகிற யாருக்கும் எனக்கு நடந்தது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். படங்கள் இல்லை. படமெடுக்கும் மனநிலையில் நான் இருக்கவில்லை.

கொழும்பில் காலை ஏழுக்கு பஸ் ஏறினால் மூன்றரைக்கு மன்னார். குளிரூட்டி உண்டு என்றார்கள். மதவாச்சிக்கு முன்பே அது நின்றுவிட்டது. மன்னார் நகரிலிருந்து ஊருக்கு ஏழு கிலோமீட்டர். ஓட்டோக்காரர் ஆயிரத்து இருநூறு கேட்பார், ஆயிரத்துக்கு வருவார்.

நான் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை. வெள்ளி அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ், ஞாயிறு திரும்ப விமானம். வெளியூர் மாப்பிள்ளை தன் ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து கடிதம் கொண்டுவர வேண்டும் என்பது இங்கே வழக்கம். இவர் எங்கள் பள்ளியைச் சேர்ந்த மஹல்லாக்காரர், மணமாகாதவர் என்று அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிக்காஹ் இல்லை. என் வாப்பாவின் ஊரும் இதுதான். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வீட்டாரும் இடம்பெயர்ந்து புத்தளம் போனார்கள். நான் பிறந்த புத்தளத்திலோ, பதினொரு வருடமாகக் காணாதவனுக்கு எப்படி எழுதுவது என்று கைவிரித்துவிட்டார்கள். அதனால் ஜேர்மனியிலேயே ஒரு பள்ளியில் கடிதம் வாங்கியிருந்தேன்.

வியாழன் காலை பத்தரைக்கு, பெண்ணின் வாப்பாவோடு பள்ளிக் கந்தோருக்குப் போனேன். செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தாள்களை மேசையில் பரப்பினார்.

“பள்ளிக் கடிதம் ஓபர்ஹவுசன். வீட்டு விலாசம் எஸ்ஸன். வேலைக் கடிதம் கெல்சன்கிர்ஷன். தம்பி, நீங்க எந்த ஊர்?”

“எல்லாம் ஒண்டுதான், நானா.” அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“ஒண்டெண்டா ஏன் மூண்டு பேர்?”

அன்று உளறியதை இங்கே ஒழுங்காகச் சொல்கிறேன். நான் இருப்பது ரூர் பிரதேசம். மேற்கே ரைன் நதி, தெற்கே ரூர், வடக்கே லிப்ப ஆறு. ஐம்பத்து மூன்று நகரங்களும் ஊர்களும் சேர்ந்தது. நிலக்கரி வெட்ட வந்தவர்கள் சுரங்கத்துக்குச் சுரங்கம் குடியேற, ஊர்கள் வீங்கி ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. போலந்துக்காரர் வந்தார்கள், துருக்கியர் வந்தார்கள், பிறகு நாங்கள். சுரங்கங்களை மூடியாயிற்று, சனம் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல். நிலமோ மன்னார் மாவட்டத்தைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். பஸ்ஸில் கண்ணயர்ந்து விழித்தால் அடுத்த நகரம்.

“இடையில வயல், வெளி ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டார் செயலாளர்.

“கனக்க இடத்தில இல்லை. ஊர்ப்பேர் போட்ட பலகை இருக்கு.”

“பலகையைப் பாத்தோ ஊர் பிரிக்கிறது?”

பெண்ணின் வாப்பா அப்போதுதான் வாய் திறந்தார். “மூண்டு ஊரிலயும் மூண்டு குடும்பம் இல்லையே தம்பி?” மனிதர் சிரிக்காமல் கேட்டார். எனக்கு மண்டை கொதித்தது.

செயலாளர் கடிதத்தைத் தட்டினார். “உங்கட வாப்பாவை எங்களுக்குத் தெரியும். உங்களைத் தெரியாது. இதில கையொப்பம் வைச்சவருக்கு உங்களைத் தெரியுமோ?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்தத் துருக்கிய இமாம் என் கடவுச்சீட்டைப் பார்த்து இரண்டே நிமிடத்தில் கையொப்பமிட்டவர். “தெரியாது” என்றேன்.

“அப்ப தெரிஞ்ச ஒராளைக் கூப்பிடுங்கோ. நான் கதைக்கிறன். இல்லாட்டி நாளைக்கு நிக்காஹ் ஓத ஏலாது.”

யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. ஜெயம் அண்ணன், என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்கிற கத்தோலிக்கர். ஜேர்மனியில் காலை ஏழேகால். நல்லவேளை, எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். என்னைத் தெரியுமா என்று செயலாளர் கேட்டார்.

“ஓம், தெரியும். தனியத்தான் இருக்கிறார். காய்ச்சல் வந்தா நான்தான் கஞ்சி கொண்டுபோறனான். ஆர் கேக்கிறது?”

“எருக்கலம்பிட்டிப் பள்ளியில இருந்து. நீங்க எந்த ஊர்?”

“பேசாலை.”

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பேசாலையில எவடம்?”

“கோயிலுக்குப் பின்னால. பிரான்சிஸ் சம்மாட்டியின்ட ரெண்டாவது மகன்.”

“அட, அவற்ற வள்ளங்களை எனக்குத் தெரியாதோ! அவரிட்டத்தானே நாங்க கருவாடு எடுத்தனாங்க!”

அவ்வளவுதான். என்னை மறந்து இருவரும் கால் மணி நேரம் கதைத்தார்கள். பிறகு செயலாளர் என் கடிதத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். பேசாலை அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எல்லாத் தாளிலும் ஒரே ஊர் இருக்கட்டும். பிரதிகளை ஒரு மாதம் முன்பே பள்ளிக்கு அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் முதல், உங்களைத் தெரிந்த ஒருவரை நீங்கள் வாழும் இடத்தில் தேடிக்கொள்ளுங்கள். செயலாளர்மேல் எனக்கிருந்த எரிச்சல் விமானம் ஏறுமுன்பே போய்விட்டது. என்மேல் உள்ளது போகவில்லை. விசா கிடைத்து மனைவி வந்திறங்கினால், பதினொரு வருடம் வாழ்ந்த இடத்தில் அவளைக் கூட்டிப்போக எனக்கு ஜெயம் அண்ணனின் வீடு ஒன்றுதான் இருக்கிறது.